வலப்பக்கத்திலிருந்து வந்த அலை

மணி நாலேகால். ஐந்துக்குள் பெயர்ப் பட்டியல் போயாக வேண்டும்.

வெள்ளிக் கோளை மேகம் மூடியிருக்கிறது. கேமரா உதவாது. விண்கலம் சுற்றிக்கொண்டே ரேடார் அலையைச் சாய்வாக அனுப்பும். அலை வரும் பக்கம் பார்த்த சரிவு படத்தில் வெளுப்பாக விழும், பாராத சரிவு கறுப்பாக. அதை வைத்து, மேடு எது, விண்கல் விழுந்த பள்ளம் எது என்று சொல்வது அவன் வேலை.

இந்த முறை ஒரு சின்னப் பள்ளம் அகப்பட்டது. யாரும் குறிக்காதது. அங்கே சின்னப் பள்ளங்களுக்குப் பெண்களின் பெயர் வைப்பது வழக்கம். மனைவியின் பெயரைப் பரிந்துரைத்துப் பட்டியலில் சேர்த்திருந்தான். அது வெறும் பெயர்தான், எந்த ஒரு பெண்ணையும் குறிக்காது என்பதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. மனைவி தன் அம்மாவிடம் சொன்னாள். அதன்பிறகு சொந்தத்தில் தெரியாதவர் இல்லை.

பக்கத்து மேசைப் பெண்ணுக்கு அலுவலகத்தில் பட்டப்பெயர் குறுக்குக்கேள்வி. நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்தப் படப்பட்டை கலத்தோட எந்தச் சுற்றுல எடுத்தது?"

"முதல் சுற்று. எல்லாமே இடப்பக்கமிருந்து எடுத்ததுதானே."

"பாத்தீங்களா?"

"பாக்க என்ன இருக்கு?"

அவள் பார்த்திருந்தாள். முதல் சுற்றில் விட்டுப்போன இடம் அது. இரண்டாம் சுற்றின் பட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுற்றில் அலை வலப்பக்கத்திலிருந்து வந்தது.

படத்தில் வலது சரிவு வெளுத்திருந்தது. அலை இடப்பக்கமிருந்து வந்திருந்தால் அது பள்ளத்தின் எதிர்ச்சுவர். வலப்பக்கமிருந்து என்றால் குன்றின் முகம்.

கண்ணை மூடித் திறந்தான். பள்ளம் எழும்பி மேடாக நின்றது. மறுபடி பள்ளமாகப் பார்க்க முயன்றான். முடியவில்லை.

"அடுத்த கலம் போக எத்தனையோ வருஷம் ஆகும். அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது" என்றாள். குரலில் கேலி இல்லை.

"உங்களுக்குத் தெரியுமே."

"அதுவும் சரிதான். என் வாய் சும்மா இருக்காது."

சிரித்தான். அந்த வரியை அழித்துவிட்டுப் பட்டியலை அனுப்பினான்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தான். கோணலாக வந்தது.

"என்னங்க ஆச்சு?"

சொன்னான்.

"அப்போ பள்ளமே இல்லையா?"

"இல்ல. மேடு."

"மாப்பிள்ளை என் பொண்ணை வானத்துல ஏத்திட்டார்னு அம்மா ஒரு வீடு விடாம சொல்லியாச்சு."

"தெரியும்."

அவன் மடித்த உறையைப் பிரித்து அவள் திரும்ப மடித்தாள்.

"சரி, மேட்டுக்குப் பேர் வைக்கமாட்டாங்களா?"

"வைப்பாங்க. ஆனா அந்த மாதிரி குன்றுக்கெல்லாம் தேவதைங்க பேர்தான்."

அவள் கை நின்றது.

"அதனால என் பேர் ஆகாதுங்கிறீங்க?"