காற்றுக்கு விட்ட கை

அப்பாவின் மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: குறைபாடு எதுவும் தெரியவில்லை. ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்த்தது, எல்லாமே நன்றாக இருந்தன. அப்பாதான் நன்றாக இல்லை.

"ஏதாவது ஒண்ணு இருந்து தொலைஞ்சிருக்கலாம்," என்றாள் அம்மா. "வெட்டி எறிஞ்சிட்டு வந்திருப்போம்."

அப்பா டவர் கிரேன் ஓட்டுகிறவர். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கிரேன் தெரியும். பாதி எழுந்த கட்டடத்தின் நடுவே ஓர் இரும்புக் கோபுரம், உச்சியில் கண்ணாடிக் கேபின், அதையொட்டி நீளும் கை. காலையில் ஏணி வழியாக ஏறினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவார். மேலே கழிப்பறை கிடையாது. சிறுநீருக்கு ஒரு பாட்டில் உண்டு. மற்றதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்குவது சின்ன வேலை இல்லை.

சிறு வயதில் ஒரு விடுமுறை நாளன்று அந்தக் கை தானாகத் திரும்புவதைப் பார்த்துவிட்டு அப்பாவை எழுப்பியிருக்கிறேன். "உங்க வண்டிய யாரோ ஓட்றாங்க."

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "யாரும் இல்ல. இறங்கும்போது கொக்கியை மேல ஏத்தி, கோபுரத்தோட ஒட்டி நிறுத்திட்டு, கையோட பிரேக்கை எடுத்துவிட்டுடுவோம். காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் திரும்பிக்கும். இறுக்கிப் பிடிச்சா ஒரு பெரிய காத்துல கவுந்துடும்."

அதன் பிறகு அந்தக் கை திரும்பினால் கொக்கியைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வயிற்றுவலி சென்ற வருடம் ஆரம்பித்தது. வலி வந்தால் உடனே ஓட வேண்டும், தாங்காது. ஒருநாள் கம்பிக் கட்டு ஒன்று அந்தரத்தில் தொங்கும்போது வந்துவிட்டது. சுமையைத் தொங்கவிட்டு எழ முடியாது, கீழே ஆட்கள். அப்பா அதை ஆடாமல் அசையாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். அன்று வேறு யாருடைய பேண்ட்டையோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இடுப்பு பெரிதாக இருந்ததால் கயிற்றால் கட்டியிருந்தார். அம்மா வெந்நீர் வைத்தாள்.

மறுநாள் ஏணியின் அடியில் நின்று மேலே பார்த்ததுமே வயிறு பிசைந்திருக்கிறது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சைட் மேனேஜர் நல்ல மனிதர். இந்த மாதக் கடைசி வரை பார்க்கலாம், அதற்குள் ஏறவில்லையென்றால் வேறு ஆளைப் போடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார்.

வயிற்று மருத்துவர் அதுவரை மாத்திரையையும் உணவையும் மாற்றி மாற்றிப் பார்த்திருந்தார். கடைசியில், "குடல்ல புண்ணோ கட்டியோ இல்ல. குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஓடுற பேச்சுதான் கெட்டுப்போயிருக்கு. ஹிப்னோதெரபி போய்ப் பாருங்க. இந்த மாதிரி வயித்துக்கு நிறைய பேருக்குக் கேட்டிருக்கு," என்றார்.

நான் வேதியியல் படித்தவள், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அன்று மாலையெல்லாம் அதைப் பற்றிப் படித்தேன். படித்ததை வீட்டில் சொல்வதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். அதே சைட்டில் கீழே நின்று வாக்கி டாக்கியில் அப்பாவுக்கு வழி சொல்கிற சிக்னல்காரர் அவர்தான்.

"வசியம் பண்ணப் போறாங்களா? அண்ணி, நீங்களும் கூடப் போங்க. பழைய காதல் கதையெல்லாம் அவுத்து விடுவாரு."

"அந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்," என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. இரவு என்னிடம் தனியாகக் கேட்டார். "எனக்குத் தெரியாம என்னைப் பேச வச்சிடுவாங்களா?"

"இல்லப்பா. நினைவு இருந்துக்கிட்டேதான் இருக்கும்."

"நீ பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. படித்ததுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சிகிச்சை தருகிற அம்மாளின் அறையில் சாய்வு நாற்காலி ஒன்று, மேசை ஒன்று, டிக் டிக் சத்தம் வராத கடிகாரம் ஒன்று. ஆட்டிக்காட்டும் சங்கிலி எதுவும் இல்லை. அப்பா அதைத் தேடியது எனக்குத் தெரிந்தது.

"தூங்க வைக்க மாட்டேன்," என்றார் அந்த அம்மாள். "நீங்க வேலையில ஆழ்ந்திருக்கும்போது பக்கத்துல பேசறது காதுல விழாது இல்லையா? அந்த மாதிரி நிலைதான். பிடிக்கலைன்னா எந்த நிமிஷமும் எழுந்திரிக்கலாம். வயித்துக்கு, வலிக்கு, பயத்துக்கு, தூக்கத்துக்கு உதவும். எல்லாருக்கும் உதவும்னு சொல்ல மாட்டேன்."

"உதவலைன்னா?"

"நஷ்டம் ஒண்ணும் இல்ல."

அவருக்கு மாதக் கடைசிக் கெடு பற்றி நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

நான் மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அந்த அம்மாளின் குரல் தணிந்தது. மூச்சைக் கவனிக்கச் சொன்னார். தோள், முழங்கை, விரல் என்று ஒவ்வொன்றாகத் தளரச் சொன்னார். அப்பாவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஓர் அமைதி வந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. எனக்கே கண் சொருகியது.

"இப்போ உங்க முன்னாடி படிக்கட்டு இருக்கு," என்றார் அவர். "மெதுவா இறங்குங்க. ஒவ்வொரு படி இறங்கும்போதும் இன்னும் ஆழமா..."

அப்பாவின் நெற்றி சுருங்கியது. கை வயிற்றுக்குப் போனது. அடுத்த நொடி கண்ணைத் திறந்து எழுந்து, "பாத்ரூம் எங்க?" என்றார்.

திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்தவர் நின்றபடியே தரையைப் பார்த்துச் சொன்னார். "இறங்கச் சொன்னீங்க. வேலை நடுவுல நான் இறங்கறது அதுக்கு மட்டும்தான்."

அந்த அம்மாள் குறிப்பேட்டில் ஒரு வரியை அடித்தார். பிறகு, "உங்க வயிறு நான் சொன்னதைக் கேட்டிருக்கு. அது நல்ல விஷயம். இனி படிக்கட்டு வேண்டாம்," என்றார். "எங்க இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்? அங்கயே போகலாம்."

அப்பா நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "மேலதான்," என்றார். "காலையில மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி. சத்தமே இருக்காது." அவ்வளவு சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கேதான் அவரால் இப்போது போக முடியாது.

நான் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறைகளில் அவர்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாற்காலியிலேயே, கையை வயிற்றின் மேல் வைத்து, அந்தச் சூடு உள்ளே பரவுவதாக நினைக்கச் சொன்னார் அந்த அம்மாள். குடலின் ஓட்டத்துக்கு மற்றவர்களிடம் ஆற்றை உவமையாகச் சொல்வாராம். அப்பாவுக்கு ஆறு ஒத்துவரவில்லை. அவரே ஒன்றைச் சொன்னார், கான்கிரீட் வண்டியின் உருளை. "நின்னா இறுகிடும். வேகமாச் சுத்தினா சிந்திடும். ஒரே மாதிரி சுத்திக்கிட்டே இருக்கணும்."

"வயித்துக்குள்ள கான்கிரீட்டா?" என்றாள் அம்மா வீட்டில். "நல்லா இருக்கு வைத்தியம். அடைச்சுக்கிட்டா ஒரேயடியா கவலை விட்டுது."

அந்த அம்மாள் தன் குரலைப் பதிவு செய்து கொடுத்திருந்தார். தினமும் மாலையில் அப்பா அதைப் போட்டுக்கொண்டு படுப்பார். நாங்கள் பாத்திரச் சத்தம் கேட்காமல் நடமாடுவோம். அம்மா அடுப்படியில் நின்றபடி அந்தக் குரலை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். "அவர் வயிறு சரியாகுதோ இல்லையோ, எனக்கு முட்டிவலி போயிடுச்சுடி."

வயிற்றுவலி குறைந்தது என்னவோ உண்மைதான். அப்பா வயிறாரச் சாப்பிட்டார். கழிப்பறை இருக்கும் நிறுத்தங்களைக் கணக்குப் போடாமல் பேருந்தில் பயணம் செய்தார். நான் படித்ததெல்லாம் சரியாக இருந்தது. மாதக் கடைசியில் ஒரு காலை, "இன்னிக்கு ஏறிப் பார்க்கறேன்," என்றார். அம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

நான் வேலைக்குப் போகவில்லை. நானும் அம்மாவும் சமையலறை ஜன்னலில் நின்றோம். கோபுரத்தின் ஏணியில் ஒரு புள்ளி ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. கேபினுக்குள் மறைந்தது.

"போயிட்டாரு," என்றாள் அம்மா.

சற்று நேரத்தில் கொக்கி இறங்கியது. கட்டடத்துக்குப் பின்னால் மறைந்து, கம்பிக் கட்டோடு எழுந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கம்பிக் கட்டு பாதி உயரத்தில் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு வந்த வழியே, மெதுவாக, கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிப் போனது.

சற்றுக் கழித்துக் கிரேனின் கை திரும்பத் தொடங்கியது.

"திரும்புது பாரு! ஓட்டறாருடி! என் சாமி, ஓட்டறாரு!"

நான் கொக்கியைப் பார்த்தேன். அது வெறுமையாக, உச்சிக்கு ஏற்றப்பட்டு, கோபுரத்தோடு ஒட்டி நின்றது. கட்டடத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்த பச்சை வலை ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. கை அதே பக்கம் திரும்பி, லேசாக ஆடி, நின்றது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது காற்றுதான் என்று நான் சொல்லவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைக்க ஆரம்பித்தாள். வெங்காயம் நறுக்கச் சொன்னாள். நறுக்கினேன்.

அடுப்பில் இருந்தது வேகும் முன்பே அப்பா வந்துவிட்டார். சித்தப்பா வாசல்வரை கூட வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனார். நான் முதலில் பேண்ட்டைத்தான் பார்த்தேன். காலையில் போட்டுக்கொண்டு போனதேதான்.

"என்னங்க?" என்றாள் அம்மா கரண்டியோடு. "வலி வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நல்லாத்தானே தூக்கினீங்க, பார்த்தோமே."

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தார். "வலிக்கவே இல்ல. சுமை பாதி தூரம் போயிடுச்சு. அப்பத்தான் பார்த்தேன், நான் கொக்கியைப் பார்த்துக்கிட்டு இல்ல. வருமா வருமான்னு வயித்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கீழ தம்பி நிக்கிறான்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த அம்மாகிட்ட சொல்லலாம்பா," என்றேன். "இதுக்கும் ஏதாவது இருக்கும். இன்னும் கொஞ்ச நாள்ல..."

"இருக்கும்," என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

கை கால் கழுவிக்கொண்டு வந்து படுத்தார். மாலை ஆகவில்லை, ஆனாலும் பதிவைப் போட்டுக்கொண்டார். உங்கள் கையின் சூடு உள்ளே பரவுகிறது என்றது குரல். அவர் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். மூச்சு சீரானது. முகத்தில் அதே அமைதி வந்தது. எங்கள் யாருக்கும் கிடைக்காத அமைதி.

நான் அடுப்பை அணைக்கப் போனேன். ஜன்னலுக்கு வெளியே பச்சை வலை இன்னும் அதே பக்கம்தான் புடைத்திருந்தது. கிரேனின் கை காற்றுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தது. கொக்கி கீழே இறங்கியது.

அம்மாவும் பார்த்தாள். "யாரு?" என்று கேட்டாள்.

குரல் உருளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினாள்.