பதினாலாம் வீட்டுப் பம்பளிமாஸ்

ருக்குமணி அக்காவின் வீட்டை இடித்த ஒன்பதாம் நாள், அவர் நாமக்கல்லிலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டு, வாசலில் நின்ற பம்பளிமாஸ் மரம் இந்த வருஷம் காய்த்திருக்கிறதா என்று கேட்டார். மரத்தையும் வீட்டோடு சேர்த்தே ஜேசிபி தள்ளியிருந்தது. கிளைகளை யாரோ விறகுக்கு இழுத்துப் போயிருந்தார்கள்.

“காய்ச்சுத் தொங்குதுங்கக்கா,” என்றேன்.

வாய் தவறி வந்த பொய் இல்லை அது. முந்தின வாரம்தான், இங்கே சுரங்கத்தில் கம்ப்ரசர் ஓட்டிய குப்புசாமி துறையூரிலிருந்து கூப்பிட்டுத் தன் வீட்டைப் பற்றி விசாரித்திருந்தார். நானும் அரிச்சந்திரன் மாதிரி, “இடிச்சுப்போட்டாங்க, ஒரு செங்கல் பாக்கி இல்லீங்க,” என்று உள்ளதைச் சொன்னேன். “ஓ… அப்படியா,” என்று போனை வைத்தவர், ஐந்து வருஷமாயிற்று, மறுபடி கூப்பிடவே இல்லை. வீடு இல்லாவிட்டால் அவருக்கு இந்த மலையில் பேச ஆள் எதற்கு?

என் பெயர் சின்னையன். வாழவந்தி நாட்டுக்காரன். இந்த மலை மண்ணில் பாக்சைட் இருக்கிறது. அலுமினியம் எடுக்கிற கல். அதைத் தோண்ட ஒரு கம்பெனி வந்தது, தோண்ட வந்தவர்களுக்காக இருபத்தெட்டு வீடுகளோடு ஒரு காலனி வந்தது. இருபது வயதில் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. குழியில் இல்லை, காலனிக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. காலை ஆறு மணிச் சங்குக்கு மேல் லைன், ஆறே முக்காலுக்குக் கீழ் லைன். காலனிப் பிள்ளைகளுக்கு நான் வால்வு மாமா.

அந்தக் காலனியில் வெள்ளை வேட்டி என்று ஒன்று கிடையாது. துவைத்துக் காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் டீ நிறம் ஆகிவிடும். மத்தியானம் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். வீட்டுக்கு வீடு அலமாரிப் பாத்திரங்கள் ஒருமுறை கிலுகிலுத்து அடங்கும். அதற்குப் பிறகுதான் சோறு. ஆயுத பூஜை அன்று லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செம்மேடு வரைக்கும் ஊர்வலம் போவார்கள். சனிக்கிழமை கேண்டீன் சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் போடுவார்கள். அந்த வேட்டியும் டீ நிறம்தான், கதாநாயகி எப்போதும் கொஞ்சம் மஞ்சளாகவே தெரிவாள். மலையிலேயே கரண்ட் பல்பு முதலில் எரிந்தது எங்கள் காலனியில்தான் என்று எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.

கீழ் லைனின் கடைசி வீடு பதினாலாம் நம்பர், ருக்குமணி அக்காவுடையது. சரிவின் கீழே இருந்ததால் வால்வடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தன் குடங்கள் நிறைந்ததும் அக்கா கரண்டியால் குழாயில் மூன்று தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் இரும்புக் குழாய் வழியாகவே மேலே வரும். நான் வால்வை மூடுவேன். அவர் காய்ச்சலில் படுத்தால் மகள் சுகுணா தட்டுவாள். இருபத்தெட்டு வீட்டுக்காரர்களும் தண்ணீர் வராத நாளில்தான் என்னைத் தேடினார்கள். வந்துசேர்ந்தது என்று எனக்குச் சொன்ன வீடு அது ஒன்றுதான்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அவரவர் ஊருக்குப் போனார்கள். நான் எங்கே இறங்குவது? என் ஊரே இதுதான். காலனி ஓடு சரிந்து, கதவு நிலை களவு போய், கடைசியில் ஒருநாள் ஜேசிபி வந்தது. மேல் லைன் இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட். கீழ் லைன் முழுக்க சில்வர் ஓக்கும் அதில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும். ரிசார்ட்டில் எனக்கு வேலை நீச்சல் குளத்துக்கும் டேங்குக்கும் வால்வு திறப்பது. சாமி எனக்கு வேறு ஒன்றையும் எழுதவில்லை போலிருக்கிறது. என் வீட்டுக்காரி கண்ணாயி செத்துப் பதினோரு வருஷம். மகன் திருப்பூரில் இருக்கிறான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசுவான்.

ஆகவே காய்ச்சுத் தொங்குகிறது என்றேன். அக்கா சும்மா இருந்தாரா? “ரெண்டு பழம் பஸ்ஸுல குடுத்துவுடு சாமி, நாக்குக்கு வேற எதுவும் புடிக்க மாட்டேங்குது,” என்றார். சோளக்காடு சந்தைக்குப் போய் இரண்டு பம்பளிமாஸ் வாங்கி, நாமக்கல் பஸ் கண்டக்டர் முரளியிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. “வந்து சேந்துச்சு சின்னையா. அதே ருசி.”

எனக்குப் புளிப்பு ஆகாது. அந்தக் காலத்தில் அக்கா கொடுக்கும் பழங்களைப் பையோடு கண்ணாயியிடம் நீட்டிவிடுவேன். அதே ருசியா என்பது எனக்கெப்படித் தெரியும்? அக்கா சொன்னால் சரி என்று நம்பினேன்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் நாலு மணிக்கு அக்காவின் போன் வரும். மரத்தில் பூ எடுத்ததா, எறும்பு ஏறியதா, போன மழைக்குக் கிளை முறிந்ததா? நானும் இல்லாத மரத்துக்கு உரம் வைத்து, முட்டுக் கொடுத்து, வௌவால் விரட்டி வளர்த்தேன். பழைய டைம்கீப்பர் செல்வம் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து எல்லோரையும் சேர்த்ததும் பொய்யும் பெருகியது. செல்வத்தின் பலா மரம்? இருக்கிறது, இதோ பழம் வருகிறது. ஃபோர்மேன் அருணாசலம் ஐயா வீட்டு வாசற்படி, ஈரச் சிமெண்டில் அவர் பிள்ளைகள் பெயர் எழுதிய படி? அப்படியே இருக்கிறதுங்க. போட்டோ கேட்டால் இங்கே டவர் சரியில்லை, குரல்தான் போகும், படம் போகாது என்றேன். சந்தைக்காரன் மாதேஸ்வரன், “என்னங்க, கடை போட்டுட்டீங்களா?” என்று கேட்கிற அளவுக்கு வாங்கினேன். பழம் போன வாரமெல்லாம் போன் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மாசி மாதத்தில் ருக்குமணி அக்கா இறந்துபோனார். குழுவில்தான் செய்தி பார்த்தேன். கடைசி பஸ்ஸும் போய்விட்ட நேரம், என்னால் எடுப்புக்குப் போகமுடியவில்லை. அந்த ஞாயிறு நாலு மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு டேங்கடியில் உட்கார்ந்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

சித்திரையில் செல்வம் குழுவில் எழுதினார்: “எல்லாரும் ஒரு நாள் மைன்ஸுக்குப் போகிறோம். வேன் பேசியாச்சு.” பதினோரு பேர் கையைத் தூக்கினார்கள். சுகுணாவும், “நானும் வாரேன்,” என்று மட்டும் போட்டிருந்தாள்.

வந்து பார்த்தால் தீர்ந்தது கதை. குப்புசாமி மாதிரி பதினோரு பேரும் “ஓ… அப்படியா,” என்று இறங்கிப் போவார்கள், அப்புறம் என் போன் எதற்கு அடிக்கப்போகிறது? ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது என்று பேசி அனுப்பினேன். சின்ன வண்டிதானே, போய்விடும் என்றார்கள். கரடி நடமாட்டம் என்றேன். “கரடியா? போட்டோ எடுக்கலாம்ப்பா!” என்று செல்வம் சிரிக்கிற பொம்மையை அனுப்பினார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பேசிப் பதிவு செய்து, இரண்டு தடவையும் அழித்தேன்.

வைகாசி முதல் ஞாயிறு வேன் வந்து ரிசார்ட் கேட்டில் நின்றது. இறங்கியவர்கள் முதலில் வழி மாறி வந்துவிட்டதாகத்தான் நினைத்தார்கள். நான் போய் நின்றதும் அருணாசலம் ஐயா, “ஏப்பா சின்னையா, காலனி எங்கப்பா?” என்றார்.

“இதுதானுங்க,” என்றேன்.

நீச்சல் குளத்துக்குப் போகிற நடைபாதையில் காலனி வீடுகளின் பழைய சிமெண்டுப் படிகளைப் பதித்திருந்தார்கள். ஐயா அதில் நடந்து போனவர் சட்டென்று நின்றார். காலடியில் ‘சதீஷ்குமார், அருணா, 1991’ என்று இருந்தது. பக்கத்தில் ஈரத் துண்டோடு யாரோ ஒரு பெண் அதை மிதித்துக்கொண்டு போனாள். ஐயா அந்தப் படியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எழுபத்தாறு வயது மனுஷன்.

செல்வத்துக்குத்தான் கோபம். “நாலு வருசமா எம் மரத்துப் பலான்னு சொல்லி அனுப்புனியே, எங்கிருந்துய்யா வந்துச்சு?”

“சந்தைலதாங்க.”

“எங்களையெல்லாம் பாத்தா உனக்குக் கேனையனாட்டம் தெரியுதா?”

யாரோ சிரித்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. பதினேழு வருஷத்தில் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்திருந்தால் நான் ஏன் பொய் சொல்லப் போகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. “தப்புத்தானுங்க,” என்றேன்.

சுகுணாவை மட்டும் காணோம். மிளகுத் தோட்டத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். பதினாலாம் வீடு இருந்த இடத்தில் நின்றிருந்தாள். மண்ணுக்கு மேல் முழ உயரத்துக்குத் துருப்பிடித்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா கரண்டியால் தட்டுகிற குழாய், அதை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்திருப்பாள்.

“கண்ணு, மரம்…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுமுங்க மாமா,” என்றாள். “அம்மாவுக்கும் தெரியும். மொதத் தடவ பழம் வந்தப்பவே தெரியும்.”

“எப்படி?”

“எங்க மரத்துச் சுளை செவப்புங்க மாமா. நீங்க அனுப்புனது வெள்ளை.”

கண்ணாயி இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

“நான்தான் அம்மாகிட்டச் சண்டை போட்டேன், ஏன் இப்படி ஏமாத்தறாருன்னு. அம்மா சொல்லுச்சு, ‘சும்மா இரு. அந்த மனுசன் என்கிட்டப் பேசறதுக்கு அந்த மரம் ஒண்ணுதான் இருக்குது. அத நீ வெட்டிப்போடாத.’ அப்புறம் வாராவாரம் நாலு மணி எப்ப ஆகும்னு கடிகாரத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கும். மத்த நாளெல்லாம் நான் வேலைக்குப் போயிருவேன். அதுக்கும் பேச ஆளில்லீங்களே மாமா.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை. சுகுணா என் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே வேனில் ஹாரன் அடித்தார்கள். அருவிக்குப் போக நேரமாகிறதாம். ஐயா மட்டும் ஏறும்போது என் தோளில் கை வைத்தார்.

நான் பயந்தது பயந்தபடியே நடந்தது. குழுவில் அன்றைய படங்கள் இரண்டு நாள் வந்தன. எல்லாம் அருவிப் படங்கள், காலனிப் படம் ஒன்றுகூட இல்லை. பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஆனி முடிவதற்குள் குழுவில் என்னையும் செல்வத்தையும் சேர்த்து நாலு பேர். செல்வம் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார், எல்லோருக்கும் அனுப்புகிற பூ அது. பிறகு அதுவும் நின்றது. ஒரு வாரம் முழுக்க ரிசார்ட் மேனேஜர், “தண்ணி திறந்தாச்சா?” என்று கேட்டதைத் தவிர யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை நாள் இதைத்தானே பொய் சொல்லித் தள்ளிப் போட்டிருந்தேன், ஒத்தையாக இருப்பதை?

ஆவணியில் பம்பளிமாஸ் சந்தைக்கு வரத் தொடங்கியது. கால் தானாக அங்கே போய் நின்றது. “செவப்புச் சுளை இருக்குதா?” என்று மாதேஸ்வரனிடம் கேட்டேன்.

“வெளியில பாத்தா எப்படிங்க தெரியும்? வெட்டித்தான் பாக்கோணும். வெட்டுனா எப்படி அனுப்புவீங்க?” என்றவன், கொஞ்சம் யோசித்து, “குண்டனி நாட்டுல செங்கோடன் காட்டுல ஒரு மரம் செவப்புன்னு சொல்லுவாங்க,” என்றான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பஸ் பாதி தூரம், நடை பாதி தூரம். செங்கோடன் ஒரு பழத்தை அரிவாளால் என் முன்னாலேயே பிளந்தார். உள்ளே மாதுளை நிறம். ஒரு சுளையை வாயில் போட்டேன். காது வரை புளித்தது. விடாமல் முழுப் பாதியையும் தின்றேன். செங்கோடன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஞாயிறு நாலு மணிக்கு ருக்குமணி அக்காவின் நம்பரை அடித்தேன். ஐந்தாறு முறை அடித்த பிறகு எடுத்தார்கள்.

“சொல்லுங்க மாமா.” சுகுணா. “அம்மா நம்பருங்க. நிறுத்திப்போட மனசு வரல, வெச்சிருக்கறேன்.”

என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. “கண்ணு,” என்றேன், “உங்க மரம் இந்த வருசம் நல்லாக் காய்ச்சிருக்குது. செவப்பாவே காய்ச்சிருக்குது.”

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன்.

“எறும்பு ஏறலீங்களே மாமா?” என்றாள்.

“இல்ல கண்ணு. சாம்பல் போட்டிருக்கறேன்.”

“அப்ப ரெண்டு அனுப்புங்க.”

“நாளைக்கு முரளிகிட்டக் குடுத்துவுடறேன். வந்து சேந்ததும் சொல்லு.”

“சொல்லறனுங்க மாமா.”

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பழம் போனது. சாயங்காலம் ரிசார்ட் டேங்குக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வால்வடியில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் போன் ஒருமுறை அடித்து நின்றது. எடுப்பதற்குள் மறுபடி ஒருமுறை அடித்து நின்றது. அக்காவின் நம்பர். நான் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறையும் அடித்து நின்றது.

டேங்க் பாதிகூட நிறைந்திருக்காது. நான் எழுந்து வால்வை மூடினேன்.