கப்பல் காசில் கட்டிய பல்

மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் போன பிறகு கிரேன்காரரின் வீட்டில் சத்தம் செத்துப்போனது. பேச்சுக்குக் குறைவில்லை. பல்செட்டை மாட்டிக்கொண்டு அவர் வழக்கம்போல எல்லோரையும் கிண்டலடித்தார். நின்றுபோனது ட்ரம்பெட்தான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலம் முழுக்கத் தொழிலாளர் பேண்டில் அவர்தான் முதல் ட்ரம்பெட். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்தார். பல் போன புதிதில் ஒரு நண்பரின் பிரிவுபசார விருந்தில், பல்செட்டோடு சமாளித்துவிடலாம் என்று துணிந்து ஊதினார். பாட்டின் நடுவில் மூச்சு வாங்க வாயைத் திறந்தார். பல்செட்டு கழன்று பறந்துபோய்த் தலைமை இன்ஜினியரின் மடியில் விழுந்தது. கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்து அலமாரி மேல் ஏற்றினார். அதன்பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள். வேலையை விட்டு வந்த பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவள் சூப்பர்வைசரம்மாதான். சலவைக்கூடத்தின் ஜன்னல் வழியாகத் தூரத்தில் கப்பல்களின் புகைபோக்கிகள் தெரியும். நனைந்த போர்வைகளை எண்ணி வாங்கும்போதெல்லாம் அவற்றைப் பார்த்தபடியே நின்றவள் அவள். புருஷன் தினமும் கப்பலில் சரக்கு ஏற்றினார். அவளோ ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஓய்வுக் காலத்தில் போகலாம் என்று தன் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வங்கியில் போட்டுவைத்திருந்தாள்; இருவருக்கும் பாஸ்போர்ட்கூட எடுத்துவைத்திருந்தாள். வீட்டில் அதற்குக் கப்பல் காசு என்று பெயர்.

ஒரு நாள் பேருந்தில் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய வலது கையின் மூன்று விரல்கள், ட்ரம்பெட்டின் மூன்று பொத்தான்களை அழுத்துவதுபோல மாறி மாறி அழுந்துவதை அவள் கவனித்தாள்.

"என்னங்க, எந்தப் பாட்டு?"

"எது?"

"உங்க விரல் வாசிக்கிறது."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பியவர் இறங்கும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்ணாடியில் அவள் பார்த்துவிட்டாள். மறுநாள் காலையிலேயே பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர், அவர்களுடைய மகளைவிடச் சின்னப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எலும்பு நல்லா இருக்கு ஐயா. திருகாணி மாதிரி ஒண்ணை எலும்புக்குள்ள வச்சு, அது மேல பல்லைப் பொருத்திடலாம். கழலாது, ஆடாது. ட்ரம்பெட் தாராளமா ஊதலாம். ஆனா எலும்பு பிடிக்கிறவரைக்கும் பல மாசம் பொறுமையா இருக்கணும்."

பிறகு தொகையைச் சொன்னாள். நாற்காலி கடித்துவிட்டதுபோல அவர் துள்ளி எழுந்தார்.

மாடிப்படியிலேயே சண்டை ஆரம்பித்தது.

"வேணவே வேணாம். அது உன் கப்பல் காசு."

"என் காசுதானே? அப்ப நான் சொல்றபடிதான் செலவாகும்."

"கல்யாணமான நாள்லேர்ந்து ஒரே பாட்டு, கப்பல்ல போகணும், கப்பல்ல போகணும்னு. இப்ப அதைக் கொண்டுபோய் என் வாயில போடுவியா?"

"கப்பல் எங்கயும் போயிடாது. போனாலும் திரும்பி வரும், அதுக்கு வேற வேலை என்ன இருக்கு? நீங்கதான் நாளுக்கு நாள் காத்துப் போன டயர் மாதிரி ஆயிட்டு வர்றீங்க. பாக்கச் சகிக்கல."

இதைத் தியாகம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும். ஊமை வீட்டில் குடியிருந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அவர் சுமாரான ஆள்தான். ட்ரம்பெட் கையில் வந்ததும் ஒரு சாண் உயரமாகத் தெரிவார். அந்த உயரமான ஆளை மறுபடி பார்க்க வேண்டும்போல் இருந்தது. இருந்தாலும் வங்கியில் கணக்கை முடிக்கக் கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

மகள் போனில் கத்தினாள். "இந்த வயசுல பல்லுக்கா அவ்வளவு காசு? எங்க வீட்டு மாடியில உங்களுக்குன்னு ஒரு ரூம் கட்டியிருக்கலாமேம்மா!"

"ரூமுக்குள்ள உக்காந்து நாங்க என்னடி பண்றது? அப்பாவுக்கு இப்ப பல்லுதான் வேணும்."

பல மாதம் கழித்துப் பல் வந்தது. ஆனால் பாட்டு கூடவே வந்துவிடவில்லை. முதல் நாள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஊதினார். உதடு பழைய பழக்கத்தை அடியோடு மறந்திருந்தது. சற்று நேரத்தில் கீழ்வீட்டு வக்கீல் மேலே ஏறி வந்து, "ஐயா, மாடியில மாடு எதுவும் கட்டியிருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"கன்னுக்குட்டிதான் சார். பெருசாக விடுங்க, அப்புறம் கேளுங்க" என்றாள் சூப்பர்வைசரம்மா.

கன்றுக்குட்டி வளர்ந்தது. ஒற்றை நீள ஸ்வரமாக வாரக்கணக்கில் ஊதினார். உதடு வீங்கியது, காய்த்தது, பிறகு இறுகியது. அவள் துணி உலர்த்துகிற சாக்கில் மேலே போய் நிற்பாள். நல்லதை நல்லது என்றாள். ஓட்டை விழுந்த இடத்தை ஓட்டை என்றே சொன்னாள். வக்கீலும் ஜன்னலைச் சாத்துவதை விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பேண்டில் கூட வாசித்த ட்ரம்ஸ்காரர் ஒரு சேதியோடு வந்தார். மாதம் ஒரு முறை துறைமுகத்துக்கு வரும் பயணிக் கப்பலில் சாயங்காலக் கச்சேரிக்கு ஒரு சிறு குழு உண்டு. அதன் ட்ரம்பெட் ஆள் திடீரென்று விலகிவிட்டான். கப்பல் இப்போது கரையில்தான் நிற்கிறது, ஆள் தேடுகிறார்கள்.

"எனக்கா? போய்யா" என்றார் கிரேன்காரர். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சூப்பர்வைசரம்மா அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தாள்.

கப்பலின் கூடத்தில் குழுத்தலைவரான பியானோக்காரர் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது, வந்தவரின் நரையைப் பார்த்ததுமே முகத்தில் ஒரு சலிப்பு. ஆனால் முதல் பாட்டிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டில் அவர் விரல்கள் தாமாகவே பியானோவில் கூடப் போயின. மூன்றாவது, நான்காவது என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐந்தாவதில் கிரேன்காரரின் உதடு கைவிட்டது. ஸ்வரம் உடைந்து வெறும் காற்றாகப் போனது.

"மன்னிச்சிருங்க ஐயா. உங்க வாசிப்பு தங்கம். ஆனா எங்களுக்குச் சாயங்காலம் முழுக்க ஊதற ஆள் வேணும். உங்களால அது முடியாது" என்றார் பியானோக்காரர்.

சொன்னதில் பொய் இல்லை. கிரேன்காரர் தலையை ஆட்டிவிட்டு ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். வாசலில் நின்றிருந்த சூப்பர்வைசரம்மாவின் பக்கம் வந்து, "வா, போலாம்" என்றார். பல்செட்டு பறந்த நாளில் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்தபோது அவள் கேட்ட அதே குரல். அந்தக் குரலோடு வீட்டுக்குப் போனால் ட்ரம்பெட் மறுபடி அலமாரி மேல் ஏறிவிடும், இனி இறங்கவே இறங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றவள் விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.

"தம்பி, முழு ஆள் வேணாம். பாதி ஆளா எடுத்துக்குங்க."

பியானோக்காரர் விழித்தார். "புரியலம்மா."

"முதல் பாதி இவர் ஊதட்டும். அப்புறம் இவர் உக்காந்துக்கட்டும், அந்தச் சாக்ஸபோன் அண்ணன் பாத்துக்கட்டும். கடைசிப் பாட்டுக்கு இவர் திரும்ப எழுந்திருக்கட்டும். உதடு ஆறியிருக்கும்."

மூலையில் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "எனக்குச் சம்மதம். எனக்கும் தனியா வாசிக்கக் கொஞ்சம் இடம் கிடைக்கும்."

"அப்ப கூலியும் பாதிதான்" என்றார் பியானோக்காரர், பாதி விளையாட்டாக.

"சரி, பாதி. கூடவே நாங்க ரெண்டு பேரும் தங்க ஒரு அறை, சாப்பாடு. அறையில ஜன்னல் இருக்கணும்."

"ஜன்னலா?"

"கடல் தெரியணும் தம்பி. உள்பக்க அறைன்னா எங்களுக்கு ஒத்துவராது."

பியானோக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க எங்கம்மா வேலை பாத்தீங்க?"

"ஆஸ்பத்திரிச் சலவையில. அங்க எல்லாருக்கும் இடுப்பு நோகும். அதுக்காக யாரையும் வேலைய விட்டு அனுப்பினதில்ல. முறை மாத்திப் போட்டேன், வேலை நடந்துச்சு."

வாசலில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்ற கிரேன்காரர், தன்னை வைத்து நடக்கிற பேரத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஒரே ஒரு பயணத்துக்குப் பார்க்கலாம், சரிப்பட்டால் மேலே பேசலாம் என்று முடிவானது.

கப்பல் கிளம்பியபோது அவள் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரை மெதுவாக நழுவியது. கிரேன்கள் சுருங்கின, ஆஸ்பத்திரிக் கட்டடம் தீப்பெட்டியானது. பிறகு நாலா பக்கமும் தண்ணீர். இத்தனை தண்ணீரா என்று வாய்விட்டே சொன்னாள். காற்று கூந்தலைக் கலைத்துப்போட்டது. கலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

கப்பலோடு காலத்தைக் கழித்த மனிதருக்குத்தான் தலைசுற்றல் வந்தது. வட்ட ஜன்னலுக்கு அடியில் சுருண்டு படுத்துவிட்டார். "கரையில நின்னு தூக்கினேன். இது ஆடும்னு யாரும் சொல்லலையே" என்று முனகினார். அவள் உலர்ந்த ரொட்டியைக் கொடுத்து, கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்க்கச் சொன்னாள். மாலைக்குள் முகத்தில் நிறம் திரும்பிவிட்டது.

கூடத்தில் விளக்குகள் எரிந்தன. பயணிகள் சாப்பிட்டுக்கொண்டும் சீட்டு விளையாடிக்கொண்டும் இருந்தார்கள். மேடையை யாரும் கண்டுகொள்ளவில்லை. முதல் பாட்டு முடிந்தபோது ஒரு கைகூடத் தட்டவில்லை. பியானோக்காரர் கிரேன்காரரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அடுத்து மெதுவான பாட்டு. கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் ஸ்வரம் ரகசியம் சொல்வதுபோல வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி ஏறி, கூடத்தின் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்தது. ஒரு மேசையில் சீட்டைக் கீழே வைத்தார்கள். கடைசி வரிசையில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த தாய் பாட்டின் தாளத்துக்கு ஆட ஆரம்பித்தாள். ஒரு கிழத் தம்பதி எழுந்து கைகோத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலைந்து ஜோடிகள் எழுந்தன. உச்சியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினார் கிரேன்காரர். இழுத்தார், இழுத்தார், ஆடுபவர்கள் நின்று பார்க்குமளவுக்கு இழுத்தார். அது இறங்கியபோது கைதட்டல் இடிபோல விழுந்தது.

சூப்பர்வைசரம்மா தூணோரம் நின்று பார்த்தாள். அவள் பார்க்க ஆசைப்பட்ட அந்த உயரமான ஆள் மேடையில் நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற சமையல்காரர், "யாரும்மா அது?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்" என்றாள். கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

பாதியில் அவர் முறைப்படி உட்கார்ந்துகொண்டார். கடைசிப் பாட்டுக்கு எழுந்தபோது கூடமே விசிலடித்தது.

மறுநாள் காலை கப்பல் அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் நின்றது. இறங்கும் படிக்கட்டின் முனையில் பியானோக்காரர் அவர்களைப் பிடித்தார். ராத்திரி முழுக்கப் பயணிகள் ட்ரம்பெட்காரரைப் பற்றித்தான் பேசினார்களாம். கப்பல் தலைவரே விசாரித்தாராம்.

"ஐயா, இந்த வருஷம் முழுக்க எங்களோடவே வந்துடறீங்களா? முழுக் கூலியே தர்றோம். பாதிதான் ஊதினாலும் பரவால்ல."

கிரேன்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். சூப்பர்வைசரம்மா அவசரப்படவில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். புதுத் தெருக்களையும் அவற்றின் பின்னால் நீலமாகத் தெரிந்த மலையையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள்.

"கப்பல் எந்தெந்த ஊருக்கெல்லாம் போகும்னு முதல்ல சொல்லுங்க தம்பி" என்றாள். "ஊரெல்லாம் நல்லா இருந்தா வர்றோம்."

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினாள்.