மேகத் திருடி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒருநாள், ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளூர் வானொலியில் எங்கள் நகராட்சித் தலைவர் ஸ்பாசொயே பேசினார்.

"பெல்கிரேடுல உக்காந்துக்கிட்டு ஒரு பொம்பளை நம்ம மேகத்தையெல்லாம் திருடுறா. அவ ஒரு ராஸ்ப்பெரிச் செடி நட்டிருப்பாளா வாழ்க்கையில?"

வாயைப் பிளந்தபடி கிடந்தவர் அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். என் மனைவியின் கல்லூரித் தோழி, க்ரோஸ்தானா.

(நான் பல் மருத்துவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுகிறவன். ஸ்பாசொயேயின் வாயில் எத்தனை பல் பொய் என்று எனக்குத் தெரியும். தொழில் தர்மம் கருதி அதை எழுதவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"க்ரோஸ்தானா ஜன்னலோரம் நின்று, வெண்பஞ்சாய் மிதக்கும் மேகங்களைக் கனவு காணும் கண்களால்—"

அடித்துவிட்டேன். அவள் அறையில் ஜன்னலே கிடையாது. வானிலை நிலையத்தின் கீழ்த்தளத்தில் நான்கு திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். நாமெல்லாம் மேகத்தின் வயிற்றைப் பார்க்கிறோம். அவள் பார்ப்பது தலையை. செயற்கைக்கோள் மேலிருந்து அந்தத் தலையின் குளிரை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரம் வளர்ந்த மேகம். எது ஆலங்கட்டியைக் கொட்டும், எது மழையோடு நிற்கும், எது வெறும் பந்தா என்பதைத் தலையைப் பார்த்தே பிரிக்கும் வழியைத் தேடுவதுதான் அவள் ஆராய்ச்சி. இதில் கனவுக்கு எங்கே இடம்? மேகம் என்றதும் கவிதைக்கு ஓடுகிற என் கையைத்தான் சொல்ல வேண்டும்.

3

எங்கள் மலைச்சரிவுகளில் ஆலங்கட்டி மேகம் வந்தால் மருந்து நிரப்பிய ராக்கெட் விடுவார்கள், கட்டிகள் பெரிதாகாமல் தடுக்க. எப்போது விட வேண்டும் என்று, க்ரோஸ்தானாவின் திரைகளைப் பார்த்துச் சொல்வது வானிலை நிலையம்.

இந்தக் கோடையில் வெடர்ணிட்சா ஆறு வறண்டது. அதன் தண்ணீரை நம்பியிருந்த ராஸ்ப்பெரி செடியிலேயே கருகியது. ராக்கெட் மழை மேகத்தையும் உடைக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஸ்பாசொயே அதைப் பிடித்துக்கொண்டு ஊதினார். ராக்கெட் கொட்டகை எரிந்தது. க்ரோஸ்தானாவின் தொலைபேசிக்கு வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

"இப்ப வராதடி, அடிச்சாலும் அடிப்பானுங்க" என்றாள் என் மனைவி, ஊருக்கே வந்து விளக்குகிறேன் என்று கிளம்பியவளிடம்.

"திருடின்னு சொல்லிட்டாங்க. திருடின பொருளைக் கொண்டுவந்து காட்ட வேணாமா?"

வந்தாள்.

4

இங்கே ல்யூபிங்கா வருகிறாள். இவளை எழுதத் தயங்குகிறேன். முந்தைய பிரதியில் இவளை ஒரு வெறும் கூச்சல்காரியாக்கியிருந்தேன், வாசகர் சிரிக்கட்டும் என்று. [எல்லாம் கருகிப்போன ஒருத்தியின் கூச்சலில் சிரிக்க என்ன இருக்கிறது?] இரண்டு சரிவு முழுக்க ராஸ்ப்பெரி வைத்திருந்த விதவை. கலாச்சார மன்றத்தில் கூட்டம் தொடங்கி, க்ரோஸ்தானா திரையில் மேகப் படங்களைக் காட்டியதும் முதலில் எழுந்தவள் அவள்தான்.

"படமெல்லாம் அழகாத்தான் இருக்கு, டாக்டரம்மா. என் செடிக்கு இதை ஊத்த முடியுமா?"

மன்றமே சிரித்தது. முன்வரிசையில் ஸ்பாசொயே தொடையில் தட்டிக்கொண்டார்.

"முடியாதுதான்" என்றாள் க்ரோஸ்தானா. "ஆனா இந்த வெள்ளைத் தலையைப் பாருங்க. உங்க மலை மேல நின்ன மேகம் இது. ஜூன் பூரா இப்படித்தான் வந்து வந்து நின்னுருக்கு. படத்தை மட்டும் வெச்சு நான் சொல்லலை. மேல மலைவிடுதியில இருக்கற மழைமானியும் அதையேதான் காட்டுது. மழை பெஞ்சிருக்கு. எப்பவும் பெய்யறதைவிடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்."

"பெஞ்சுச்சா?" ல்யூபிங்கா இன்னும் உட்காரவில்லை. "அப்போ ஆறு எங்கம்மா?"

"மேகத்துலேர்ந்து தரை வரைக்கும்தான் என் வேலை. தரைக்கு வந்த தண்ணி எங்க போச்சுன்னு இங்க இருக்கறவங்களைத்தான் கேக்கணும்."

பல தலைகள் முன்வரிசைப் பக்கம் திரும்பின. எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். மலையில் ஸ்பாசொயேயின் மைத்துனர் சிறு நீர்மின் நிலையம் கட்டி, ஆற்றைத் தூக்கிக் குழாய்க்குள் போட்டிருந்தார். ஊருக்குக் கீழே போய்த்தான் அது வெளியே வரும். ஆற்றுப்படுகைக்கு ஒரு பங்கு விடுவோம் என்று திறப்பு விழாவில் மைக் பிடித்துச் சொன்னார்கள்.

ஸ்பாசொயே எழுந்தார். "ராக்கெட்டைப் பத்திப் பேச வந்தீங்க. அதை மட்டும் பேசுங்க."

"நீ உக்காரு, ஸ்பாசொயே" என்றாள் ல்யூபிங்கா. ஒரே வகுப்பில் படித்தவர்கள். "ராக்கெட் கெடக்குது. உன் மச்சான் குழாயைப் பத்திப் பேசுவோம்."

உடனே திரை இருண்டது. யாரோ மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். கதைக்காக நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். பிடுங்கியவனுக்குப் பல் கட்டிவிட்டவனே நான்தான்.

5

அந்த வாரமே ல்யூபிங்காவும் இன்னும் சில பெண்களும் மண்வெட்டியோடு மலை ஏறினார்கள். ஆற்றைத் தடுத்த மதகின் பூட்டை உடைத்தார்கள். ஒரு பிற்பகல் முழுக்க ஆறு தன் வழியில் ஓடியது. பாலத்தில் கூடிநின்று பார்த்தோம். சாயங்காலம் போலீஸ் வந்து மதகை மூடியது. ல்யூபிங்கா மேல் சொத்துச் சேத வழக்கு.

மழை பெய்தது உண்மை என்று சாட்சி சொல்ல, ல்யூபிங்கா தரப்பில் க்ரோஸ்தானாவைக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி அவளை அழைத்து, "ஆறு நம்ம துறை இல்லையேம்மா" என்றார். அடுத்த திங்கட்கிழமை அவள் திரைகள் வேறொருவர் மேசைக்குப் போயின. அவளுக்குப் பழைய படங்களை அடுக்கும் வேலை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆகாயத்துக்கு அப்பாலிருந்து ஒரு கருவி எங்கள் மலைமேல் நிற்கும் மேகத்தின் தலைக்குளிரைச் சொல்கிறது. ஆள் நிமிர்ந்து நடந்து போகலாம், அப்படிப்பட்ட குழாய் ஒன்று மட்டும் இந்த மாவட்டத்தில் ஒரு அதிகாரியின் கண்ணுக்கும் தெரியவில்லை. மேகத்தைத் திருடுகிறாளாம்! எதில் வைத்துக்கொண்டு போவாள், கைப்பையிலா?

[பதிப்பாளர் இந்தப் பத்தியை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.]

6

முடிவுகள்.

(அ) ல்யூபிங்கா விடுதலை. நீதிமன்றப் படியில் இரு பெண்களும் கட்டிக்கொள்ள, மேலே இடி முழங்கி— இது பதிப்பாளர் கேட்டது.

(ஆ) க்ரோஸ்தானா பயந்து விசாரணைக்கு வராமல் இருந்துவிடுகிறாள். பழைய படங்களுக்கு நடுவே அவளை உட்காரவைத்து, நான் உருக்கமாக எழுதியது. தொலைபேசியில் அவளுக்கே படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றாள். "ஆனா நான் பஸ் டிக்கெட் எடுத்துட்டேனே."

(இ) இல்லை. நாளைதான் விசாரணை. இதை எழுதும்போது என் சமையலறையில் ல்யூபிங்காவும் க்ரோஸ்தானாவும் குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்தபடி சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"நீதிபதிகிட்ட மேகத்தோட தலை, காலுன்னு ஆரம்பிச்சே, அந்தாளு தூங்கிருவாரு. மழை பெஞ்சுதுன்னு மட்டும் சொல்லு."

"எப்படித் தெரியும்னு கேப்பாருல்ல?"

"கேட்டா அப்போ தலையை எடு!"

என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்கிறது. இதெல்லாம் முடிவாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் நீதிபதி ஏதாவது சொல்லியிருப்பார். அதைத் தெரிந்துகொண்டு வந்து இங்கே சேர்ப்பதாக இல்லை. தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பாசொயேயை என்ன செய்வது என்பதையும்.

ஒரே ஒரு நிபந்தனை. கடைசி வரியில் மழையைக் கொண்டுவராதீர்கள். மழை தன் வேலையைச் செய்துவிட்டது. இனி மனிதர்கள்தான் பாக்கி.