நடுவில் தேய்ந்த தட்டு

ராமையாவைக் காலையில் பொலிஸார் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் கொட்டாஞ்சேனைச் சாயத் தொழிற்சாலையில் இராணுவச் சீருடைத் துணி ஓடிக்கொண்டிருந்தபோது பெரிய பம்பு இறுகி நின்றுவிட்டது. அதை ஓட்டிய ராமையா ஹட்டனிலிருந்து வந்த தமிழர், நாசவேலை என்று சந்தேகிக்க அது போதுமாயிருந்தது. "எண்ணெய்க்குள்ள மண் போட்டிட்டான்" என்று பொலிஸுக்குச் சொன்னவர் எங்கள் மனேஜர் நமசிவாயம். வெள்ளவத்தைக்காரர், அவரும் தமிழர்தான். அதனால் எனக்கு இன்னும் எரிந்தது.

பம்பைத் திறந்த எஞ்சினியர் நான். உள்ளிருந்த தட்டு ஒன்றைக் கழற்றி எண்ணெய் வடிய மனேஜரின் மேசையில் வைத்தேன்.

"என்ன சரோஜினிதேவி, மேசை பழுதாப்போகுது!"

"அங்க ஒரு மனுசன் பழுதாப்போறார் சேர். இதைப் பாருங்கோ."

பம்பின் செங்குத்துத் தண்டு முழுப் பாரத்தையும் இப்படியான தட்டுகளின் மேல்தான் இறக்குகிறது. ஆனால் தொடுவதில்லை. சுழற்சியே எண்ணெயை இடையில் இழுத்துக்கொள்ளும்; மயிரிழையைவிட மெல்லிய அந்தப் படலம் தொன்கணக்கான பாரத்தைத் தாங்கும். எனக்கு எப்போதும் வியப்புத்தான். அந்த எண்ணெய் உராய்ந்து சூடாகும். தட்டின் மேற்புறம் சூடு, கீழ்ப்புறம் குளிர். மேற்புறம் கூடுதலாக விரிவதால் நடு மேலே புடைக்கும்.

அவருடைய பிஸ்கட் டின் மூடியை எடுத்து, சுடச்சுட இருந்த தேநீரை அதன் நடுவில் ஊற்றினேன். டொக்!

"என்ர தேத்தண்ணி!"

"நடு எழும்பினது கண்டீங்கள்தானே? தட்டைத் தாங்கிற முளை நடுவில மட்டும்தான். பாரம் அமத்த ஓரமும் கீழ வளையும். அதாலயும் நடுத்தான் மேட்டில. கொஞ்சம் எண்டால் பரவாயில்லை. எண்ணெயைக் குளிராக்கிற தண்ணி நிண்டால் சூடு ஏறும், எண்ணெய் நீர்த்துப்போகும், நடு போய்த் தண்டில முட்டும். மண் போட்டிருந்தால் தட்டு முழுக்கக் கீறல் இருக்கும். இதில ஓரம் புதுசு மாதிரி. நடு மட்டும் தேய்ஞ்சு உருகியிருக்கு."

அவர் தட்டைப் பார்க்கவில்லை. "சரி, விசாரணையில சொல்லுவம். உமக்கேன் இந்தச் சோலி?"

"சாயத் தொட்டிக்குத் தண்ணி காணாதெண்டு எண்ணெயைக் குளிராக்கிற தண்ணிக் குழாயைப் பூட்டச் சொன்னது ஆர் சேர்? ராமையா வேண்டாமெண்டு சொல்லேக்க நானும் பக்கத்திலதான் நிண்டனான்."

நானே பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்து, சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லி, ரிசீவரை அவர் கையில் திணித்தேன்.

"ஓம் மாத்தயா... வெளியில சரியான வெயில்தானே, அந்தச் சூட்டில..." என்று சிங்களத்தில் இழுத்தார்.

"வெயில் வந்து குழாயைப் பூட்டேல்லை!" பொலிஸ்காரருக்கும் கேட்கட்டும் என்றே சிங்களத்தில் கத்தினேன். "பூட்டச் சொன்னது நீங்கள் எண்டு சொல்லுங்கோ."

கடைசியில் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பின்னேரம் ராமையா வந்தார். இடது காது வீங்கி, கழுத்துவரை கன்றியிருந்தது. பம்பு அறையில் கிடந்த தன் சட்டையை எடுத்துக்கொண்டு அவர் வெளியே நடந்தபோது, மனேஜர் அவருடைய இடப்பக்கம் போய்க் காதருகே குனிந்தார்.

"ராமையா, ஒண்டையும் மனசில வைச்சிருக்காத, என்ன?"

ராமையா நிற்கவில்லை.

"அந்தப் பக்கம் காது கேக்கலீங்க சார்."