மூன்றாம் படியில் ஒரு குரல்

ஹட்டன் கடைத்தெருவில் பேரம் பேசத் தெரியாதவன் பிறப்பதில்லை. தப்பிப் பிறந்தாலும் கொழும்புக்குப் போய் உத்தியோகம் பார்ப்பான். இங்கே பேரத்துக்கென்று ஒரு முறை உண்டு. வந்தவர் ஒரு விலை கேட்பார். கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து, "அந்த வெலைக்கு நூலு கூட வராதுங்க" என்பார். வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்குவார். ஒன்று, இரண்டு. மூன்றாம் படியில் கால் படும்போது கடைக்காரர் கூப்பிடவேண்டும்: "சரி வாங்க, கேட்ட வெலைக்கே எடுத்துக்கங்க." கூப்பிட்ட சொல்லை அப்புறம் மாற்றக்கூடாது. மாற்றினால் அவன் வியாபாரி இல்லை.

ஜவுளிக்கடை சிவசாமி இதிலும் ஒரு படி மேலே போனவர். "மூணுல கூப்பிடுறவன் பயந்தவன். நாலுல ஆளு தானாத் திரும்பும்" என்பார். பெரும்பாலும் திரும்பவும் செய்தார்கள்.

அப்பேர்ப்பட்டவரையே ஒருநாள் ஒரு மைனா திருப்பிவிட்டது. கொட்டகலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத் தொழிலாளி மாயாண்டி வாரத்தில் அந்த ஒருநாள் பாதையோரம் சாக்கு விரித்து லீக்ஸ், கோவா என்று மலைக் காய்கறி விற்பான். பக்கத்தில் கம்பிக் கூண்டில் ஒரு மலை மைனா. சிவசாமி கோவாவுக்கு அடிமாட்டு விலை கேட்டுவிட்டு நடந்தார். மூன்றாவது எட்டில் பின்னாலிருந்து, "சரி வாங்க, கேட்ட வெலைக்கே எடுத்துக்கங்க!" திரும்பினால் மாயாண்டியின் வாயில் வெற்றிலை. பேசியது கூண்டு.

"அது சொன்னா நான் சொன்ன மாதிரிங்க மொதலாளி. எடுத்துக்கங்க" என்று கோவாவை நீட்டினான் மாயாண்டி.

மைனாவுக்கு விலை தெரியாது. முதுகு தெரியும். எந்தச் சத்தம் போட்டால் போகிற முதுகு திரும்பி முகமாகும் என்பதை வருடக்கணக்காகப் பார்த்துப் படித்திருந்தது. மனிதன் திரும்பிப் பார்த்தால் அதற்குக் கொண்டாட்டம். கழுத்தை ஆட்டி ஒரு சீட்டியும் அடிக்கும்.

இதைக் கடை வாசலில் தொங்கவிட்டால் ஹட்டனே வந்து நிற்குமே என்று சிவசாமி அன்றே கணக்குப் போட்டார். மாயாண்டி மசியவில்லை. "புள்ள இல்லாத வீடுங்க. அதுதான் பேச்சுத் தொண."

அடுத்த மாசி மாதம் தேயிலை மலையில் குளவி கொட்டி மாயாண்டி செத்தான். பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாளே, அரைக் கிலோ தோடம்பழத்தோடு சிவசாமி தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்றார். துக்கம் கேட்பதை மூன்று வாக்கியத்தில் முடித்தார்.

"ராக்காயி, இந்த மைனாவுக்கு அஞ்சாயிரம் தர்றேன்."

"விக்கிறதுக்கு இல்லைங்க" என்றாள் மாயாண்டியின் மனைவி. "அவரு கொரலு அதுலதாங்க இருக்கு. காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு எறங்குறப்ப கூப்பிடுது. அத வச்சுத்தான் நான் திரும்பி வர்றேன்."

சிவசாமிக்குப் பதில் தேவைப்படவில்லை. வாசற்படியில் இறங்கினார், மெதுவாக, ஒவ்வொரு படியாக. மூன்றாவதில் கால் வைத்தார்.

"சரி வாங்க, கேட்ட வெலைக்கே எடுத்துக்கங்க!"

மாயாண்டியின் குரல், அந்த வெற்றிலைக் கரகரப்போடு. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பூரணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிவசாமி திரும்பி, பொறுமையாக மேலேறினார்.

"கேட்டியாம்மா? வீட்டுக்காரரே குடுத்துட்டாரு."

"அது வாயில்லா சீவன், தெரியாமச் சொல்லுதுங்க."

"கொட்டகலைச் சந்தையில அது சொன்ன சொல்லுக்கு அவன் கோவா குடுத்தான். உசிரோட இருந்தவரைக்கும் மீறல. செத்தப்பொறகு நீ மீறப்போறியா?"

ராக்காயி நின்றாள். கூப்பிட்ட சொல்லை அவள் புருஷன் ஒருநாளும் மாற்றியவனில்லை, நட்டத்துக்கும் கொடுத்திருக்கிறான். பதினேழாம் நாளில் அவன் பேரை அவளே கெடுப்பதா? கூண்டைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தாள். மைனா அவள் முதுகைப் பார்த்து அன்றைக்கு எத்தனை தரம் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. தோடம்பழத்தைப் பூரணி வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

கடையில் மைனாவுக்கு அமோக வரவேற்பு. தலவாக்கலையிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள், சேலையும் பார்த்தார்கள். விலை படியாமல் இறங்கினார்கள். மூன்றாம் படியில் மைனா கூப்பிட்டது.

முதலில் திரும்பியவள் ஒரு டீச்சர். "கேட்ட விலைக்கே என்டுதானே சொன்னீங்க?"

"நான் எங்கம்மா சொன்னேன், அது பறவை!"

எதிர்க்கடை ஜமால்தீன் பாத்திரத்தைத் துடைத்தபடியே குரல் கொடுத்தார்: "கடைக்குள்ள இருந்து வந்த சொல்லு கடையோட சொல்லு, மொதலாளி. நீங்களும் அப்படிச் சொல்லித்தானே அதக் கொண்டு வந்தீங்க? ஊருக்கெல்லாம் நீங்கதானே பெருமையாச் சொன்னீங்க."

தெருவே சிரித்தது. சிவசாமி சேலையைக் கொடுத்தார். மறுநாள் நாலு பேருக்குக் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில், உள்ளே வராமலே விலை கேட்டுப் படியிறங்கிப் பழகினார்கள் ஜனங்கள்.

"கடைய நடத்துறது நீங்களா, மைனாவா?" என்றார் ஜமால்தீன்.

சிவசாமி துணி அளக்கும் மரக்கோலை எடுத்தார். மைனா கூப்பிடும்போதெல்லாம் கூண்டுக் கம்பியில் ஓர் அடி. டக். அதற்கும் அடங்காதபோது கோல் கம்பிக்குள் போனது. ஒரு நகம் பெயர்ந்து விழுந்தது. இன்னொரு நாள் இறக்கையோரம் ரத்தம். "வாங்கம்மா, உள்ள வாங்கன்னு சொல்லு. அத விட்டுட்டு என்னத்தடா பேசுற?" அவருக்கு வேண்டியது குரல், சொல் வேண்டாம். பத்தாம் நாள் மைனா வாயை மூடிக்கொண்டது. கோலைக் கண்டால் கூண்டின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஊமை மைனாவைப் பார்க்க யார் வருவார்கள்? கூட்டமும் நின்றது. தொலைத்துத் தலைமுழுகினால் போதும் என்றிருந்தது சிவசாமிக்கு.

சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ராக்காயி வந்தாள். முந்தானை முடிச்சில் அதே ஐந்து நோட்டு, மடிப்புக்கூடக் கலையாமல்.

"நீங்க குடுத்தது அப்படியே இருக்குங்க மொதலாளி. அதக் குடுத்துருங்க."

சும்மா கொடுத்திருந்தாலும் அவருக்கு லாபம்தான். ஆனால் தேடி வந்து கேட்கிற முகத்தைக் கண்டதும் முப்பது வருட நாக்கு தானாகப் புரண்டது.

"பதினஞ்சு. பேசுற பறவம்மா."

"என்கிட்ட இவ்வளவுதாங்க."

"அப்ப குடுக்க முடியாது."

ராக்காயி கூண்டருகே போனாள். மைனா அவளைக் கண்டதும் கழுத்தை ஆட்டியது, இறகைச் சிலிர்த்தது. பெயர்ந்த நகத்தை அவள் பார்த்தாள். குனிந்து, புருஷனிடம் பேசுகிற மெல்லிய குரலில், "நான் எறங்குறேன். ஒருதரம் கூப்பிடுங்க மாமா" என்றாள்.

அவளுக்கும் முறை தெரியும். கடையின் வாயிலிருந்து வந்தால் கடையின் சொல்.

ஒரு படி. இரண்டு. மூன்றாம் படியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். வார் சரியாகத்தான் இருந்தது.

மைனா அலகைத் திறந்தது.

சிவசாமி மேசைமேல் கிடந்த கோலை ஒரு விரற்கடை தூக்கினார். அவ்வளவுதான். அலகு மூடிக்கொண்டது.

"மூணுல நிக்கிறா மொதலாளி, நீங்களாவது கூப்பிடுங்க!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார் ஜமால்தீன்.

"நாலுல திரும்புவா" என்றார் சிவசாமி.

ராக்காயி நாலாம் படியில் இறங்கினாள். தெருவில் இறங்கினாள். கொட்டகலை பஸ்ஸில் ஏறி, இந்தப் பக்கம் பார்க்காத ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அப்புறம் சிவசாமி பப்பாளி வைத்துப் பார்த்தார், கோலை ஒளித்துவைத்துப் பார்த்தார். மைனா பேசவில்லை. வாங்கவும் ஆளில்லை. ஒரு மழைநாள் மத்தியானம், கடையில் ஈ காக்கை இல்லாத நேரம், யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அவரே படியிறங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றார்.

டக்.

கம்பியில் கோல் விழுகிற சத்தம், அச்சு அசலாக. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கோல் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. கூண்டில் மைனா கழுத்தை ஆட்டிச் சீட்டியடித்தது. முகம் திரும்பிவிட்டதே!

அன்றிலிருந்து யார் முதுகு காட்டினாலும் அது டக் என்கிறது. வாடிக்கையாளர்கள் யாரும் அதற்குத் திரும்புவதில்லை. கல்லாவில் இருக்கும் சிவசாமி மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறார்.