ஒரே கை

1782 மார்ச்சில் நாற்பத்தொரு சிப்பாய்கள் சம்பளம் வாங்கியிருந்தார்கள். ரசீது உம்மு ஹானியின் திரையில் இருந்தது. முப்பது பேருக்கு எழுதத் தெரியாது. குமாஸ்தா பெயரை எழுத, அதன் நடுவில் சிப்பாய் ஒரு பெருக்கல் குறி போடுவான். அதுதான் அவன் கையெழுத்து.

முப்பது குறிகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒரே முனையில் மை திரண்டிருந்தது. முப்பதில் நாலு பேர் ஜனவரியிலேயே அம்மை கண்டு இறந்தவர்கள். அந்த ஆள்கணக்கையும் போன வாரம் அவள்தான் டைப் அடித்தாள்.

"செத்தவன் எந்திரிச்சு வந்து சம்பளம் வாங்கிட்டுப் போயிருக்கான்," என்றாள்.

பக்கத்து நாற்காலி ருக்கையா எட்டிப் பார்த்தாள். "நமக்கு உசுரோட இருக்கும்போதே ஒழுங்கா வரல."

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் ஆவணக் காப்பகம் பழைய படைக் கணக்குகளையும் கருவூலக் கணக்குகளையும் பிலிமாக அனுப்பியிருந்தது. வளைகுடாவில், அல் கூஸில் இருந்த கம்பெனி அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தது. முன்னால் டைப்பிங் ஹால், பன்னிரண்டு பேர். பின்னால் கோடவுன், ஐந்தடுக்கு ராக்குகள், இருபது பேர்.

காப்பகம் போட்ட விதி ஒன்றுதான். பார்த்ததைப் பார்த்தபடி அடி. குமாஸ்தா பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் தப்பாகவே அடி. பல பேருடைய குறியை ஒரே ஆள் போட்டிருப்பதாகத் தெரிந்தால் கடைசிக் கட்டத்தில் 'எஸ்.எச்.' என்று போடு. ஸேம் ஹேண்ட். ஒரே கை.

உம்மு ஹானி முப்பது தடவை எஸ்.எச். அடித்தாள். பிலிம் பெட்டியை மூடினாள். மூடியில் சீட்டு ஒட்டியிருந்தது. தேதி, பெட்டி எண், எடுத்துக் கொடுத்தவர் தன் கையால் எழுதிய பெயர்: ராஜிக்.

ராஜிக் இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஐந்தாவது அடுக்கிலிருந்து விழுந்தார். கோடவுனில் இருபது பேருக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்பு பெல்ட். அதன் கொக்கியும் போன ரமலானில் உடைந்துபோனது.

அவரும் கீழக்கரை, அவளும் கீழக்கரை. அண்ணன் முறைக்குக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவர் மனைவி நஜீஹா முந்தாநாள் போன் செய்திருந்தாள்.

"கம்பெனில, பெல்ட் குடுத்தோம், பழக்கியும் விட்டோம், அவருதான் போடலைங்கிறாங்களாம். கையெழுத்து இருக்காம். நஷ்டஈட்டுக் காசு கெடக்கட்டும் உம்மு ஹானி. சொன்ன பேச்சு கேக்காம விழுந்து மவுத்தானாரு உங்க வாப்பான்னு புள்ளைங்கள்ட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"



பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் மகேசன் ஒரு ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஹாலில் யாரையும் அதட்டிப் பேசியதில்லை.

"பிள்ளை, இதை ஒருக்கா அடிச்சுத் தாரும். பின்னேரம் இன்ஸ்பெக்டர் வாறார். இருபது பேர்தான்."

போகிற போக்கில் சுவரில் ஒட்டியிருந்த டீ முறைப் பட்டியலைப் பார்த்தார். வாராவாரம் அவரே எழுதி ஒட்டுவது. "ருக்கையா, இண்டைக்கு உம்மட முறை."

"எம் பேர ஒழுங்கா எழுதுங்க சார், டீ தானா வரும். ரெண்டு வருசமா சொல்றேன், எனக்குச் சின்ன ர. நீங்க பெரிய ற போட்டு றுக்கையான்னு எழுதுறீங்க."

"எங்கட ஊரில அப்பிடித்தான் எழுதுறது. வாசிக்க றுக்கையா எண்டுதானே வருது."

"வாசிக்க நல்லாத்தான் இருக்கு. பாக்கத்தான் எம் பேரு மாதிரி இல்ல."

ஹால் சிரித்தது. மகேசனும் சிரித்துக்கொண்டே போனார்.

உம்மு ஹானி ரெஜிஸ்டரைத் திறந்தாள். 'பாதுகாப்புப் பயிற்சி, மே 14. பெல்ட் பெற்றுக்கொண்டேன்.' ஆட்கள் அவரவர் எழுத்தில் பெயரெழுதியிருந்தார்கள். இந்தி, மலையாளம், வங்காளம். ஒன்பதாவது வரியில் தமிழ்.

றாஜிக்.

அவள் கை விசைப்பலகையில் நின்றது. பிலிம் பெட்டியை எடுத்து ரெஜிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். சீட்டில் சின்ன ர. மேசைக்கடியில் இன்னும் ஆறு பெட்டிகள் இருந்தன. ஆறிலும் சின்ன ர. தன் பெயரை எந்த மனுஷனும் ஒரு நாள் மட்டும் வேறு எழுத்தில் எழுதமாட்டான்.

எங்கோ அமெரிக்காவில், இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்த ஒருவன் வாங்காததை வாங்கினான் என்று பதிந்துவிடக் கூடாதென்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். காக்கா செத்துப் பன்னிரண்டு நாள். அவருக்கு ஒரு கட்டம் இல்லை.

அவளே போட்டாள். இருபது பெயரையும் பார்த்தபடி அடித்தாள். ஒன்பதாவதை 'றாஜிக்' என்றே அடித்தாள். கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: இது ராஜிக் எழுதியதல்ல. அவர் எழுதிய சீட்டுகள் ஏழு, இணைப்பில்.

பிரிண்ட் மகேசன் கைக்குப் போனது. அவர் அதை மடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"இதென்ன பிள்ளை?"

"பார்த்ததப் பார்த்தபடி அடிச்சேன் சார்."

"கடைசிக் கட்டத்தை அழியும்."

"காக்கா பேர நீங்கதான் எழுதுனீங்களா?"

"மெதுவாக் கதையும்." அவர் குனிந்தார். "மற்ற ஆக்களிட்ட இப்பதான் கையெழுத்து வாங்கினது; அவற்ற பேரை மேனேஜர் முன்னுக்கு நிண்டு என்னைக் கொண்டு எழுதுவிச்சவர். இல்லாட்டி விசா கான்சல் எண்டவர். எங்கட ஊரில திரும்பச் சண்டை தொடங்கீட்டுது, பாதையும் பூட்டியாச்சு. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோட நான் எங்க போறது? செத்தவருக்கு இனி என்ன நட்டம்?"

"அவருக்கும் ரெண்டு புள்ளைங்க சார். அவங்க வாப்பா தப்புன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. உங்க புள்ளைங்க சோத்துக்கு அவர் பேர எடுத்துக்கிட்டீங்க."

"உம்மட வேலையும் போகும்."

"போகட்டும்."

அவள் அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் மெல்லிய பைல். மேனேஜர் குளிரூட்டிக்கு அடியிலேயே வியர்த்துக்கொண்டிருந்தார். உம்மு ஹானி கதவைத் தட்டாமல் மேனேஜர் அறைக்குள் போனாள். ரெஜிஸ்டரைத் திறந்து, பக்கத்தில், பெட்டிகளிலிருந்து உரித்த ஏழு சீட்டுகளையும் அடுக்கினாள்.

"யாருடைய பெயர் இது?" இன்ஸ்பெக்டர் உருதுவில் கேட்டார்.

"விழுந்து இறந்தவருடையது. இது அவர் எழுதியது. இது அவர் எழுதாதது."

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முதல் எழுத்தைப் பார்க்கத் தமிழ் வேண்டாம். ஒன்று ஒரே வளைவு. மற்றது இரண்டு வளைவு, கீழே வால்.

"பைத்தியம் சார் இது," என்றார் மேனேஜர். "இறந்தவன் இவளுக்கு ஊர்க்காரன்."

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற மகேசனைக் கூப்பிட்டார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். "நீ தமிழ்தானே? இந்தப் பெயரை எழுது."

மகேசன் எழுதினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அழுத்தி எழுதினார். ராஜிக். சின்ன ர.

மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார்.

உம்மு ஹானி திரும்பினாள். ஹாலுக்குப் போனாள். சுவரிலிருந்து டீ முறைப் பட்டியலைக் கிழித்தாள். டேப்போடு பெயின்ட் வந்தது. பின்னாலேயே ருக்கையாவும் எழுந்து வந்தாள்.

மேனேஜர் அறைக்குத் திரும்பி, பட்டியலை உம்மு ஹானி ரெஜிஸ்டர் மேல் வைத்தாள். ஞாயிறு, றுக்கையா. புதன், றுக்கையா. அதே இரண்டு வளைவு. அதே வால்.

"இதை எழுதியது யார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது எம் பேரு," என்றாள் ருக்கையா உருதுவில். "மகேசன் சார் எழுதுவாரு. வேற யாரும் இங்க அப்படி எழுதமாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் பட்டியலை இரண்டாக மடித்துப் பைலில் வைத்தார். ரெஜிஸ்டரையும் வைத்தார். ஒன்பதாவது வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டார். மேனேஜரைப் பார்த்து, "கோடவுனைத் திற. பெல்ட்டுகளைக் காட்டு," என்றார்.

கதவருகில் மகேசன் அவளை வழிமறித்தார். "என்னை முடிச்சுப் போட்டீர், பிள்ளை."

"நீங்க காக்காவ ரெண்டாவது தடவை கொன்னீங்க. அது எனக்கு மறக்காது சார். உங்க ஊர்ச் சண்டைய நெனச்சாலும் மறக்காது."

அவர் விலகினார். அவள் வெளியே வந்தாள். ஆகஸ்ட் வெயில் கண்ணைக் குத்தியது. லாரிகளுக்கு நடுவே நின்று கீழக்கரையில் நஜீஹாவுக்குப் போன் போட்டாள்.

"ராத்தா, புள்ளைங்க பக்கத்துல இருக்கா? இருந்தா அவங்ககிட்ட சொல்லுங்க. அந்தக் கையெழுத்து அவங்க வாப்பா போட்டதில்ல."